செடித் தொட்டிக்குப் புது மீன் வாங்கும்போது

கொளத்தூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டு ரம்மிநோஸ் டெட்ரா (மூக்குச் சிவந்த சின்ன மீன்) வாங்கினேன். கவரோடு கால் மணி நேரம், செடி வளர்க்கும் என் மீன் தொட்டியில் மிதக்கவிட்டு, முடிச்சை அவிழ்த்து உள்ளே விட்டேன். மூன்று நாள் கூட்டமாக நன்றாகத்தான் நீந்தின. நான்காம் நாள் காலை விளக்கைப் போட்டபோது ஒரு மீனின் வாலில் பொடி உப்பு ஒட்டியதுபோல இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஆறாம் நாள் எட்டிலும் புள்ளி. அதற்குள் பழைய மீன்களும் மரக்கட்டையில் உடம்பை உரசிக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தன.

மருந்து வாங்கி வந்தேன், ஆனால் ஊற்ற முடியவில்லை. செம்பு கலந்த மருந்து போட்டால் தொட்டியில் இருக்கும் செர்ரி இறால்கள் செத்துவிடும். கல் உப்பு போட்டால் மென்மையான செடிகள் அழுகும். மெத்திலீன் ப்ளூ ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கெடுக்கும். சரி, மீன்களை மட்டும் வெளியே எடுத்து மருத்துவம் பார்க்கலாம் என்றால், அடர்ந்த செடிக்குள் ஒன்றரை அங்குல மீனை வலையால் பிடிப்பது நடக்காத காரியம். கடைசியில் நான்கு மாதம் வளர்த்த செடிகளில் பாதியைப் பிடுங்கித்தான் மீன்களைப் பிடித்தேன். எட்டில் இரண்டு பிழைத்தன.

வெறும் கண்ணாடித் தொட்டியில் நோய் வந்தால் அங்கேயே மருந்து போட்டுச் சமாளிக்கலாம். செடித் தொட்டியில் மருந்தும் போட முடியாது, மீனைப் பிடிக்கவும் முடியாது. அதனால் புது மீன் கடையிலிருந்து நேராக அந்தத் தொட்டிக்குள் போகவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விலக்கு சொல்வதில்லை. கீழே உள்ளதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதலில் தொட்டி தயாராக இருக்க வேண்டும்

செடி நட்ட அன்றே மீன் விட ஆசை வரும். மீனின் கழிவிலும் மிச்ச உணவிலும் அம்மோனியா உண்டாகிறது. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியா ஃபில்டரிலும் மண்ணிலும் பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். சத்து மண் போட்ட தொட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் மீனே இல்லாதபோதும் அந்த மண் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கசியவிடும். தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்ப வேண்டாம். டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யம் காட்டினால்தான் கடைக்குக் கிளம்ப வேண்டும்.

என்ன மீன் என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். கோல்டு ஃபிஷ் இளம் செடிகளைத் தின்னும், மண்ணையும் கிளறும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விரல் நீளத்தில் விற்கும் சக்கர் மீன் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து செடிகளை வேரோடு சாய்க்கும். வளர்ந்துவிட்டதே என்று அதை ஏரியில் கொண்டுபோய் விடுவது இன்னும் பெரிய தீங்கு. நம் ஊர் நீர்நிலைகளில் அது பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நியான் டெட்ரா, ரம்மிநோஸ், செர்ரி பார்ப், ஹனி கௌராமி, தரையில் மேயும் கோரி போன்றவை செடிகளை ஒன்றும் செய்யாது. கூட்டமாக வாழும் மீனை ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். இரண்டு இரண்டாக நான்கு வகை வாங்குவதைவிட ஒரே வகையில் எட்டு வாங்குவது மீனுக்கும் நல்லது, பார்க்கவும் அழகு.

தனிமைத் தொட்டி

குவாரண்டைன் டேங்க் என்றதும் இன்னொரு கண்ணாடித் தொட்டி, இன்னொரு ஸ்டாண்டு என்று பயப்பட வேண்டாம். மூடியுள்ள 30 முதல் 40 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்படி நிறமில்லாததாக இருந்தால் நல்லது. அடியில் மண்ணோ கல்லோ வேண்டாம். தரை வெறுமையாக இருந்தால்தான் மீன் சாப்பிடுகிறதா, அதன் கழிவு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்க்க முடியும். ஒளிந்துகொள்ள பிளம்பிங் கடையில் கிடைக்கும் பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டு மூன்றைப் போடுங்கள். மேலே மிதக்க பெரிய தொட்டியிலிருந்து கொஞ்சம் செடி கிள்ளிப் போடலாம். மருந்து போட நேர்ந்தால் அந்தச் செடியைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான்.

இதன் உயிர் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இருக்கிறது. மீன் வாங்கும் அன்று புதிதாக வாங்கி மாட்டிய ஸ்பாஞ்சில் பாக்டீரியா இருக்காது, தனிமைத் தொட்டியிலேயே மீன் அம்மோனியாவில் செத்துப்போகும். குறைந்தது ஒரு மாதம் முன்பே அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் ஒரு மூலையில் ஓடவிடுங்கள். மீன் வாங்கப் போகும் அன்று எடுத்து டப்பாவில் மாட்டினால், முதல் நாளிலிருந்தே வேலை செய்யும்.

வலை, பக்கெட், தண்ணீர் எடுக்கும் குழாய் மூன்றும் தனிமைத் தொட்டிக்குத் தனியாக இருக்கட்டும். ஒரே வலையை இரண்டிலும் நனைத்தால், பிரித்து வைத்ததற்கே பொருள் இல்லை.

கடையில்

போனவுடன் மீனைக் காட்டி "இது எட்டு கொடுங்க அண்ணா" என்று சொல்லாதீர்கள். பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். வாங்கப் போகும் மீனை மட்டுமல்லாமல் அந்தத் தொட்டியில் உள்ள எல்லா மீனையும் பாருங்கள், பக்கத்துத் தொட்டிகளையும் பாருங்கள். பல கடைகளில் வரிசையாக உள்ள தொட்டிகளுக்கு ஒரே தண்ணீர்தான் சுற்றி வரும், வலையும் ஒன்றுதான். ஓரத்தில் ஒரு மீன் செத்துக் கிடந்தாலும் அந்த வரிசையை விட்டுவிடுவது நல்லது.

துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வயிறு உள்ளே குழிந்து தலை பெரிதாகத் தெரிவது, நூல் போல வெள்ளைக் கழிவு தொங்குவது, வாயோரம் வெண்மையாகப் பஞ்சு படிந்திருப்பது, இதில் எது இருந்தாலும் வேண்டாம். கடைசியில் சொன்னது பூஞ்சை போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். வெதுவெதுப்பான தண்ணீரில் வேகமாகப் பரவும். சென்னையின் கோடையில் ஒரே நாளில் ஒரு கூட்டத்தையே காலி செய்துவிடும்.

கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எப்போது வந்த மீன் அண்ணா? நேற்றோ இன்றோ வந்தது என்றால் ஒரு வாரம் கழித்து வாருங்கள். நெடும்பயணத்தில் சாகப்போகிற மீன் அந்த ஒரு வாரத்தில் கடையிலேயே தெரிந்துவிடும். இன்னொரு கேள்வி, போர் தண்ணீரா மெட்ரோ வாட்டரா? கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் கேட்காமலே தெரியும். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவை அது எண்ணாகக் காட்டும், விலையும் சில நூறு ரூபாய்தான். கடைத் தண்ணீர் 700 என்று காட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் வீட்டுக்கு வந்ததும் தேவைப்படும்.

கொஞ்சம் தீனி போட்டுக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பாய்ந்து வந்து சாப்பிடுகிற மீனைத்தான் எடுக்க வேண்டும்.

கவரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன் என்று கட்டச் சொல்லுங்கள். இரட்டைக் கவர் போட்டு, அடி மூலைகளை ரப்பர் பேண்டால் கட்டினால் சின்ன மீன் மூலையில் சிக்கி நசுங்காது. வண்டியில் முன்பக்க ஹூக்கில் மாட்டி ஆட்டிக்கொண்டு வர வேண்டாம். சின்னத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து மூடினால் வெயிலும் ஏறாது, இருட்டில் மீனும் அடங்கி இருக்கும். மே மாதத்தில் நான் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கடைக்கே போகிறேன்.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்

கவரை மிதக்கவிடுவது வெப்பத்தை மட்டும்தான் சரிசெய்யும். தண்ணீரின் உப்பளவும், அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச்.சும் அதனால் மாறாது. மீனின் உடல் அவற்றுக்குப் பழகியிருக்கிறது. கடினமான போர் தண்ணீரில் இருந்த மீனைத் திடீரென்று ஆர்.ஓ. கலந்த மென்மையான தண்ணீருக்குள் விட்டால் உடம்புக்குள் தண்ணீர் ஏறி, உப்புச் சமநிலை குலைந்துபோகும். அன்றைக்கே சாகாது. இரண்டு மூன்று நாள் கழித்து, காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாகச் சாகும்.

இதற்கு வழக்கமான வழி, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பது. ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. மூடிய கவருக்குள் மீன் மூச்சுவிடும் கார்பன் டை ஆக்சைடு தேங்கி பி.எச்.சைக் குறைக்கிறது. பி.எச். குறைந்திருக்கும்வரை அங்கே சேர்ந்த அம்மோனியா பெரும்பாலும் தீங்கில்லாத அம்மோனியமாக இருக்கும். கவரைத் திறந்தவுடன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.எச். ஏறும். பி.எச். ஓர் எண் ஏறினால் விஷமான அம்மோனியா ஏறத்தாழ பத்து மடங்காகும். வேறு ஊரிலிருந்து கூரியரில் பல மணி நேரம் பயணித்து வந்த கவரைத் திறந்துவைத்து ஒரு மணி நேரம் சொட்டவிடுவது, மீனை அதன் கழிவிலேயே நஞ்சூட்டுவதற்குச் சமம். அரை மணி, முக்கால் மணி தூரத்துக் கடையிலிருந்து வந்த கவரில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இருக்காது.

தனிமைத் தொட்டி இருந்தால் இந்தச் சிக்கலே வராது. அங்கே வேறு மீன் இல்லை. அதனால் மீனைத் தண்ணீருக்குப் பழக்குவதற்குப் பதில், தண்ணீரை மீனுக்கு ஏற்றபடி வைத்துவிடலாம். கடைத் தண்ணீர் 700 என்றால், போர் தண்ணீரையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்து டப்பாவிலும் ஏறத்தாழ 700 வருமாறு வைத்துவிடுங்கள். எண் தெரிய வேண்டும் என்பதால் முந்தைய வாரமே கடைக்குப் போய்ப் பார்த்துவருவேன். மீனையும் ஒருமுறை பார்த்தது போலாயிற்று. மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி குளோரின் சொட்டு சேர்க்க மறக்க வேண்டாம்.

செய்முறை இதுதான். அறை விளக்கைக் குறையுங்கள். கவரின் வெளிப்பக்கத்தைக் கழுவிவிட்டு, திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் டப்பாவில் மிதக்கவிடுங்கள். அப்புறம் திறந்து டி.டி.எஸ். பாருங்கள். கவர் தண்ணீருக்கும் டப்பாத் தண்ணீருக்கும் வித்தியாசம் 100க்குள் இருந்தால் தாமதிக்க வேண்டாம். மீன்களை ஒரு கோப்பையாலோ மெல்லிய வலையாலோ எடுத்து உடனே டப்பாவில் விடுங்கள். வித்தியாசம் அதிகம், பயணமும் குறைவு என்றால், ஏர் பம்ப் குழாயில் லேசாக முடிச்சுப் போட்டு டப்பாத் தண்ணீரை நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக, கவர் தண்ணீரின் அளவு இரு மடங்காகும்வரை சேர்த்துவிட்டு மாற்றலாம். கவர் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போக வேண்டாம், வாஷ்பேசினில் கொட்டிவிடுங்கள்.

கோரி மீனுக்கு மட்டும் வலை வேண்டாம். அதன் துடுப்பு முள் வலையில் மாட்டிக்கொண்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும்.

அன்று இரவு தீனி கிடையாது. மூடியை மூடி, பக்கத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டு, அவற்றை அவற்றின் போக்கில் விட்டுவிடுங்கள்.

நான்கு வாரம்

குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் நான்கு. ஏன் இவ்வளவு நாள் என்பதற்கு வெள்ளைப் புள்ளி நோயே பதில். நாம் காணும் புள்ளி, மீனின் தோலுக்கடியில் கொழுக்கும் ஒட்டுண்ணி. முதிர்ந்ததும் உதிர்ந்து தரையில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அவை நீந்திப் போய் அடுத்த மீனைத் தேடும். மருந்து அந்த நீந்தும் குஞ்சுகளை மட்டும்தான் கொல்லும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் தொடாது. நம் ஊர் வெப்பத்தில் இந்தச் சுற்று ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். மீனில் ஒன்றோ இரண்டோ ஒட்டியிருந்தால் முதல் சுற்றில் கண்ணுக்குத் தெரியாது, செவுளுக்குள் இருந்தாலும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் சுற்றில்தான் புள்ளியாக வெளிப்படும். அந்தச் சுற்றுகள் என் பெரிய தொட்டியில் நடக்காமல் டப்பாவில் நடந்து முடியட்டும் என்பதுதான் இந்தக் காத்திருப்பு.

முதல் வாரம் தினமும் காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் புள்ளியும், பொன்தூள் தூவியதுபோல வரும் வெல்வெட் நோயும் சட்டென்று தெரியும். சாப்பிடும் அளவு கொடுத்து, மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மோனியா பாருங்கள். பாசி தின்னும் ஓட்டோ மீன் வாங்கியிருந்தால், பெரிய தொட்டியிலிருந்து பாசி படர்ந்த ஒரு கல்லையும், லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டையும் போடுங்கள். அது பெரும்பாலும் பட்டினியோடுதான் கடைக்கே வருகிறது.

நோய் தெரிந்தால் இங்கே தைரியமாக மருந்து போடலாம், கெட்டுப்போகச் செடியும் இல்லை இறாலும் இல்லை. பாட்டிலில் உள்ள அளவைத் தாண்ட வேண்டாம். கடைசிப் புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கூட்டுக்குள் இருப்பவை இன்னும் வெளியே வரவில்லை, அதனால் குறிப்பில் சொன்ன நாள்வரை தொடருங்கள். மருந்து போடும்போது ஏர் பம்ப் நன்றாக ஓடட்டும். குணமான நாளிலிருந்து நாள் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நோய் இல்லாத மீனுக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து போடுவதை நான் செய்வதில்லை. களைத்து வந்த மீனுக்கு அது இன்னொரு சுமை.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு வேலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, பெரிய தொட்டியின் தண்ணீரை ஊற்றுங்கள். 700 மெல்ல மெல்ல 550, 450 என்று இறங்கும். நான்காம் வார முடிவில் டப்பாவிலும் தொட்டியிலும் ஏறத்தாழ ஒரே தண்ணீர் இருக்கும். மீனுக்கு மாறியதே தெரியாது.

பெரிய தொட்டிக்கு மாற்றும் நாள்

இப்போது தண்ணீர் ஒன்றுதான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. செடிக்காக லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை வாயு கரைந்திருக்கும் தண்ணீரில் பழைய மீன்கள் பழகிப்போய் நிம்மதியாக இருக்கும். புதிதாக வந்தது, நண்பகலில் வாயு உச்சத்தில் இருக்கும்போது மேலே வந்து திணறும். மாற்றும் நாளன்று வாயுவை நிறுத்திவிடுங்கள். அடுத்த மூன்று நான்கு நாள் பாதி அளவில் வைத்து, பிறகு பழைய அளவுக்கு ஏற்றுங்கள். வாயு குறைந்த நாட்களில் விளக்கு நேரத்தையும் ஐந்து ஆறு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் பாசி முந்திக்கொள்ளும். செடிக்கென்று பாட்டிலில் வரும் திரவக் கார்பனை அந்த வாரம் தொடவே வேண்டாம்.

விளக்கு அணைந்த பின் மாலையில் மாற்றுவது நல்லது. இருட்டில் பழைய மீன்கள் துரத்தாது. ஆனால் இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீர் 31, 32 டிகிரி இருக்கும் மாதங்களில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு. அதனால் முதல் ஒரு வாரம் இரவு முழுக்க காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடட்டும்.

பழைய மீன்களுக்கு முதலில் தொட்டியின் ஒரு மூலையில் தீனி போடுங்கள். அவை அங்கே கூடியிருக்கும்போது எதிர் மூலையில், செடி அடர்ந்த பக்கமாகப் புதியவற்றைக் கோப்பையால் இறக்குங்கள். ஏஞ்சல் போன்ற இடம் பிடிக்கும் மீன் ஏற்கெனவே இருந்தால், அன்று காலையே இரண்டு கல்லையோ கட்டையையோ இடம் மாற்றி வையுங்கள். தன் எல்லை எது என்று அது மறுபடி தேட வேண்டியிருப்பதால் புதியவற்றின் மேல் கவனம் குறையும். தொட்டிக்கு மூடி இருக்கட்டும். முதல் இரவில்தான் மீன் அதிகமாகத் துள்ளி வெளியே விழும்.

மறுநாள் காலை எட்டும் கண்ணில் படாவிட்டால் செடியைக் கிளறித் தேடாதீர்கள். ரம்மிநோஸின் மூக்குச் சிவப்பு அன்று வெளுத்துத்தான் இருக்கும், இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும். ஒரு வாரம் கழிந்தும் வெளுத்தே இருந்தால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்து பாருங்கள். புதுக் கழிவுக்கு ஏற்பப் பாக்டீரியா பெருக வேண்டும் என்பதால் முதல் பத்து நாள் தீனி பாதி அளவே. அடுத்த கூட்டம் மீன் வாங்க குறைந்தது ஒரு மாதம் போகட்டும்.

டப்பாவைக் கழுவி ஒரு நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் காயவைத்துவிடுங்கள், வலையையும் குழாயையும் சேர்த்து. நான்கு வாரமும் எந்த நோயும் வரவில்லை என்றால் ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் அதே மூலையில் திரும்ப ஓடவிடலாம், அடுத்த முறைக்கு அது தயாராக இருக்கும். நோய் வந்திருந்தால் அந்த ஸ்பாஞ்சை எறிந்துவிட்டு, புதிது ஒன்றை இன்றைக்கே அந்த மூலையில் மாட்டிவிடுங்கள்.